கொழும்பில் இரண்டு முறை வந்த நள்ளிரவு

2006ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாள் முடிந்து ஏப்ரல் 15 பிறந்தபோது, இலங்கையில் நள்ளிரவு இரண்டு முறை வந்தது. பன்னிரண்டு அடித்தது, அரை மணி நேரம் ஓடியது. பன்னிரண்டரை ஆனதும் அரசாங்க அறிவிப்பின்படி கடிகாரங்கள் மறுபடியும் பன்னிரண்டுக்குத் திரும்பின. அந்த இரவில் 12:10க்குக் குழந்தை பிறந்தது என்று ஒருவர் சொன்னால், முதலில் வந்த 12:10ஆ, பிறகு வந்த 12:10ஆ என்று கேட்டாக வேண்டும்.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1996 மே 25 அன்று, இதற்கு நேர்மாறாக நடந்திருந்தது. மின்சார நெருக்கடியைச் சமாளிக்க நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். நள்ளிரவு பன்னிரண்டானதும் அடுத்த வினாடி ஒரு மணி. அன்று இரவு 12:10 என்ற நேரம் கொழும்பில் வரவே இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 26இல் அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிச்ச அரை மணி 2006 வரை நின்றது.

இவ்வளவும் உங்கள் சட்டைப் பையிலிருக்கும் ஃபோனுக்குத் தெரியும். எப்படித் தெரிகிறது என்பதுதான் விஷயம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லாமல் சொல்கிறேன்.

நேர மண்டலம் என்றால் நம்மில் பலருக்கும் ஒரு எண்தான் நினைவுக்கு வரும். இந்தியா ஐந்தரை, சிங்கப்பூர் எட்டு, லண்டன் பூஜ்யம். கிரீன்விச்சோடு அந்த எண்ணைக் கூட்டினால் போதும் என்று நினைக்கிறோம். இன்றைய நேரத்துக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் ஒரு ஊரின் கடிகாரம் என்ன காட்ட வேண்டும் என்பதைச் சூரியன் தீர்மானிப்பதில்லை, ஆள்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். மின்வெட்டு வந்தால் மாற்றுகிறார்கள், போர் வந்தால் மாற்றுகிறார்கள், நோன்பு மாதத்துக்காக மாற்றுகிறார்கள். சிங்கப்பூரைப் பாருங்கள். 1942 பிப்ரவரி 15இல் பிரிட்டிஷ் படை சரணடைந்தது, மறுநாளிலிருந்து ஊரின் கடிகாரம் ஏழரையிலிருந்து ஒன்பதுக்கு, அதாவது டோக்கியோ நேரத்துக்குப் போய்விட்டது. 1945 செப்டம்பர் 12இல் ஜப்பானியப் படை அங்கே சரணடைந்தபோது மறுபடி ஏழரை. இன்றுள்ள எட்டு மணி 1981இன் கடைசி இரவில் வந்தது. எட்டு என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு 1943இல் சிங்கப்பூரில் நடந்த எதையும் சரியான நேரத்தில் வைக்க முடியாது.

ஆகவே கணினிக்குத் தேவைப்படுவது எண் அல்ல, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கடிகார வரலாறு. அதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதியவர்கள் உண்டு. 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் இந்தத் தொகுப்பைத் தொடங்கினார். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர். பல ஆண்டுகள் உலகத்தின் கடிகார விதிகள் அந்த ஆய்வு நிறுவனத்தின் ஒரு சர்வரில்தான் இருந்தன. பிறகு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் எக்கர்ட் பொறுப்பை எடுத்துக்கொண்டார். லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஃபோன், ஜாவா, பைத்தான், பெரிய டேட்டாபேஸ்கள் என எல்லாம் நம்பியிருப்பது இந்தத் தொகுப்பைத்தான். யாருடைய சொத்தும் இல்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சில தன்னார்வலர்களின் பொறுமையில் இவ்வளவு பெரிய விஷயம் நிற்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

தொகுப்பு என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். சாதாரண எழுத்துக் கோப்புகள்தான், கண்டத்துக்கு ஒன்று என்று. நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஆசியக் கோப்பில் கொழும்புக்கு ஒன்பது வரிகள் இருக்கின்றன. கடைசி நான்கைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

5:30 — 1996 மே 25, 0:00 வரை
6:30 — 1996 அக்டோபர் 26, 0:30 வரை
6:00 — 2006 ஏப்ரல் 15, 0:30 வரை
5:30 —

ஒவ்வொரு வரியும் இரண்டு விஷயம் சொல்கிறது. கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு தள்ளி, அது எந்தக் கணம் வரை. கடைசி வரிக்கு ‘வரை’ கிடையாது, இனி அரசாங்கம் மாற்றும் வரை அதுதான். இந்த ‘வரை’யில் ஒரு நுட்பம் உண்டு. அங்கே எழுதியிருக்கும் 0:30, அந்தக் கணத்தில் அந்த ஊர்ச் சுவர்க் கடிகாரம் காட்டிய நேரம். பழைய கணக்கின்படி காட்டிய நேரம், புதிய கணக்கின்படி அல்ல. அறிவிப்பு வெளியான செய்தித்தாளில் இருப்பதை அப்படியே எடுத்து எழுத வசதியாக இப்படி வைத்திருக்கிறார்கள். சரியான முடிவு என்பேன். எழுதுபவர் மனக்கணக்குப் போட்டு மாற்றி எழுதினால் பிழை நுழைய அதுவே வாசல்.

மேலே போனால் இன்னும் ஐந்து வரிகள். 1942 ஜனவரி 5இல் அரை மணி முன்னே, அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு அரை மணி, 1945 அக்டோபர் 16இல் பழையபடி ஐந்தரை. இது போர்க்கால நேரம். அதற்கும் மேலே 1906க்கு முந்தைய கொழும்பு: ஐந்து மணி, 19 நிமிடம், 32 வினாடி. வினாடிக் கணக்கு இருக்கிறதே என்று வியக்க வேண்டாம். ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் வரும் சூரியனை வைத்து நேரம் பார்த்த காலம் அது.

மனிதர் படிக்கும் இந்த வரிகளைக் கணினி ஒவ்வொரு முறையும் படித்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு வங்கி சர்வர் ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கான முறை ‘இப்போது மணி என்ன’ என்று கேட்கும். அதனால் இந்த எழுத்துக் கோப்பை முன்கூட்டியே எண்களின் அட்டவணையாக மாற்றி வைத்துவிடுகிறார்கள். இதைச் செய்ய ‘ஜிக்’ என்று ஒரு சின்ன கம்பைலர் இருக்கிறது. பஞ்சாங்கம் கணிப்பவர் சூத்திரங்களை வைத்துக் கணக்குப் போட்டு ஆண்டு முழுவதற்கும் அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார், வீட்டில் இருப்பவர் சூத்திரம் தெரியாமலே பக்கத்தைப் புரட்டித் திதி பார்க்கிறார். அந்த வேலைப் பிரிவினைதான் இங்கேயும்.

அது போடும் கணக்கை ஒரு முறை நாமே போட்டுப் பார்ப்போம். கணினிகள் நேரத்தை ஒரே ஒரு எண்ணாக வைத்துக்கொள்கின்றன: 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடிகள் என்று. அந்த எண் கொழும்பிலும் ஒன்றுதான், டொராண்டோவிலும் ஒன்றுதான். இப்போது மூன்றாவது வரியை எடுங்கள். 2006 ஏப்ரல் 15, 0:30 வரை ஆறு மணி. கொழும்பின் 0:30இலிருந்து ஆறு மணி நேரத்தைக் கழித்தால் கிரீன்விச்சில் ஏப்ரல் 14, மாலை 6:30. 1970இலிருந்து அந்தக் கணத்துக்கு 114 கோடியே 50 லட்சத்து 39 ஆயிரத்து 400 வினாடிகள். கம்பைலர் அட்டவணையில் எழுதுவது இந்த 1145039400ஐத்தான். பக்கத்தில் ஒரு குறிப்பு: இதிலிருந்து 19,800 வினாடி கூட்டு. ஐந்தரை மணி நேரத்துக்கு அத்தனை வினாடி.

ஒன்பது வரிகளுக்கு எட்டுத் திருப்பங்கள், அவ்வளவுதான் கொழும்பின் அட்டவணை. சில நூறு பைட்டில் அடங்கிவிடும். ஃபோனில் ஒரு பழைய படத்தின் நேரத்தைக் கேட்டால், அது எடுக்கப்பட்ட வினாடி எண் இந்த எட்டில் எந்த இரண்டுக்கு நடுவே விழுகிறது என்று தேடி, அங்கே இருக்கும் அளவைக் கூட்டிக் காட்டுகிறது. பிழைக்கு இடமே இல்லாத தேடல் அது.

எதிர்த் திசையில் போனால்தான் சிக்கல். ‘கொழும்பு, 2006 ஏப்ரல் 15, 12:10’ என்று கொடுத்து வினாடி எண்ணைக் கேட்டால் இரண்டு விடைகள் வரும். 1996 மே 25, 12:10 என்று கொடுத்தால் விடையே இல்லை. இது கணினியின் குறை அல்ல. கேள்வியே அப்படி. நல்ல மென்பொருள் இந்த இடத்தில் நின்று நம்மைக் கேட்க வேண்டும். பெரும்பாலானவை கேட்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுகின்றன.

கொழும்பைப் போல எப்போதோ ஒரு முறை மாறும் ஊருக்கு வரி வரியாக எழுதிவிடலாம். ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை நகர்த்தும் ஊர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அங்கே தேதிக்குப் பதிலாக விதி எழுதுகிறார்கள். அமெரிக்காவுக்கான விதி இப்படி: 2007 முதல் என்றென்றும், மார்ச் மாதம் 8ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வரும் முதல் ஞாயிறு, அதிகாலை 2 மணிக்கு ஒரு மணி நேரம் கூட்டு. இரண்டாவது ஞாயிறு என்பதைத்தான் இப்படிச் சுற்றி எழுதுகிறார்கள். ‘என்றென்றும்’ என்பதை அட்டவணையாகப் போட முடியாது அல்லவா? பழைய கோப்புகளில் 2037 வரை எழுதி நிறுத்திவிடுவார்கள். இப்போது அட்டவணையின் அடியில் ஒரு குட்டிச் சரத்தைச் சேர்க்கிறார்கள். கடைசித் திருப்பத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று அது சொல்லும். இந்தியாவின் அடிச் சரத்தில் ‘ஐஎஸ்டி’ என்று போட்டு மைனஸ் 5:30 என்றிருக்கும். பயந்துவிடாதீர்கள். அந்தப் பழைய யூனிக்ஸ் மரபில் கிரீன்விச்சுக்குக் கிழக்கே மைனஸ், மேற்கே பிளஸ். நாம் பழகியதற்குத் தலைகீழ். புதிதாகச் சர்வர் நிர்வாகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஏசியா/கொழும்பு’ என்று ஊர்ப் பெயரில் வைத்திருக்கிறார்கள், நாட்டின் பெயரில் இல்லை. நாடுகள் உடைகின்றன, சேர்கின்றன, எல்லைகள் நகர்கின்றன. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கும். 1970இலிருந்து கடிகாரம் ஒன்றுபோலவே ஓடிய பகுதிகளுக்கெல்லாம் ஒரே பெயர் போதும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. அதனால் சென்னைக்கும் டெல்லிக்கும் தனிப் பெயர் இல்லை, இந்தியா முழுமைக்கும் ‘ஏசியா/கொல்கத்தா’தான். முன்பு ‘கல்கத்தா’ என்றிருந்தது, 2008இல் மாற்றினார்கள். பழைய பெயரையும் புதியதோடு இணைத்து உயிரோடு வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் எத்தனையோ பழைய நிரல்கள் முடங்கியிருக்கும்.

அந்தக் கொல்கத்தா வரிகளுக்குள் நம் ஊர் ஒளிந்திருக்கிறது. 1870 முதல் 1906 வரைக்கும் அங்கே இருப்பது ஐந்து மணி 21 நிமிடம் 10 வினாடி. அது மதராஸ் நேரம், ரயில்கள் ஓடிய நேரம். 1890இல் ஒரு தேதியைக் கொடுத்து எந்த லினக்ஸ் கணினியைக் கேட்டாலும் மதராஸ் நேரத்தில்தான் பதில் சொல்லும். முதல் வரி ஐந்து மணி 53 நிமிடம் 28 வினாடி, அது கல்கத்தாவின் சூரிய நேரம். பைத்தான் எழுதுபவர்களில் பலர் இந்த 5:53ஐ எங்காவது பார்த்து மிரண்டிருப்பார்கள். பைடிஇசட் என்ற பழைய லைப்ரரியில் தேதியோடு மண்டலத்தை நேரடியாக ஒட்டினால், எந்த ஆண்டு என்று பாராமல் அது முதல் வரியை எடுத்துக்கொண்டுவிடும். ஐந்தரைக்குப் பதில் 5:53 வந்து நிற்கும். அதற்கென்று உள்ள முறையில் ஒட்டினால் சரியாக வரும். 23 நிமிட வித்தியாசம் எங்கே பார்த்தாலும், 1854க்கு முந்தைய கல்கத்தாவின் நடுப்பகல் உள்ளே வந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

சரி, அரசாங்கம் திடீரென்று மாற்றினால்? லெபனானில் 2023 மார்ச்சில் நடந்தது. மார்ச் 26 ஞாயிறு பிறக்கும் நள்ளிரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். மூன்று நாள் முன்னதாக, நோன்பு மாதத்தை ஒட்டி அதை ஏப்ரல் 20 வரை தள்ளிவைப்பதாகப் பிரதமர் அறிவித்தார். தொகுப்பைப் பராமரிப்பவர்கள் அவசரமாக 2023பி என்ற பதிப்பை வெளியிட்டார்கள். நாட்டில் ஒரு பகுதியினர் உத்தரவை ஏற்கவில்லை. மரோனைட் திருச்சபை ஏற்கவில்லை, பல நிறுவனங்கள் ஏற்கவில்லை. ஒரே நகரத்தில் இரண்டு மணி ஓடியது. மார்ச் 27 அன்று அமைச்சரவை முடிவைத் திரும்பப் பெற்றது. உடனே 2023சி வந்தது. அதில் இருந்த தரவு, 2023பிக்கு முந்தைய பதிப்பில் இருந்ததேதான், ஒரு எழுத்தும் மாறாமல்.

ஒரு பதிப்பு வெளியானதும் வேலை முடிந்துவிடாது. இயங்குதளம் செய்பவர்கள் அதை எடுத்துக் கம்பைல் செய்து தங்கள் அப்டேட்டில் சேர்க்க வேண்டும், ஃபோன் கம்பெனிகள் அனுப்ப வேண்டும், சர்வர் பார்ப்பவர்கள் ஏற்ற வேண்டும். மூன்று நாளில் இது நடக்காது. சில மாதங்களாவது முன்னறிவிப்பு கொடுங்கள் என்று அரசாங்கங்களை இவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பது அதனால்தான். மொராக்கோவில் ரமலான் மாதம் முழுக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். பிறை எப்போது தெரியும் என்று கணித்து 2087 வரைக்கும் தேதிகளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். அறிவிப்பு வேறு மாதிரி வந்தால் அந்த வரியைத் திருத்துவார்கள்.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம் கிடைக்கிறது. நடந்து முடிந்ததை வினாடி எண்ணாகச் சேமியுங்கள், அது இனி மாறாது. நடக்கப்போவதை அப்படிச் சேமிக்காதீர்கள். 2006 ஜனவரியில் கொழும்பில் ஒருவர் மே 2, காலை பத்து மணிக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தார் என்று வையுங்கள். சாஃப்ட்வேர் அதை அன்றைய கணக்குப்படி ஆறு மணி கழித்து, கிரீன்விச் 4:00 என்று சேமித்துவிட்டது. ஏப்ரலில் நாடே ஐந்தரைக்குப் போயிற்று. மே மாதம் அந்தச் சாஃப்ட்வேர் 9:30 என்று காட்டும். மருத்துவரோ பத்து மணிக்குத்தான் வருவார். எதிர்காலத்துக்கு ‘பத்து மணி, கொழும்பு’ என்று ஊர்ப் பெயரோடு வைத்துக்கொண்டால், விதி எப்படி மாறினாலும் பத்து பத்துதான்.

பழைய காலத்துக் கடிகாரங்களைப் பற்றி இவ்வளவு அக்கறையாக முதலில் விசாரித்தவர்கள் யார் தெரியுமா? ஜோதிடர்கள். ஜாதகம் கணிக்கப் பிறந்த கணம் சரியாக வேண்டும். அதற்கு அந்த ஊரில் அந்த நாளில் கடிகாரம் எந்தக் கணக்கில் ஓடியது என்று தெரிய வேண்டும். அமெரிக்காவில் தாமஸ் ஷாங்க்ஸ் என்பவர் ஜோதிடர்களுக்காகவே உலக ஊர்களின் கடிகார வரலாற்றை அட்லஸாகத் தொகுத்தார். ஓல்சனின் தொகுப்பில் 1970க்கு முந்தைய தகவல்களில் கணிசமானவை அங்கிருந்து வந்தவை. 2011 செப்டம்பர் 30 அன்று அந்த அட்லஸின் உரிமையை வைத்திருந்த அஸ்ட்ரோலேப் என்ற ஜோதிட மென்பொருள் நிறுவனம் ஓல்சன் மீதும் எக்கர்ட் மீதும் பதிப்புரிமை வழக்குப் போட்டது. ஒரு வாரத்துக்குள் சர்வர் மூடப்பட்டது. உலகின் கடிகார விதிகள் இருந்த இடம் காலியாகிவிட்டது. அடுத்த வாரமே இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் கீழுள்ள ஐயானா தொகுப்பை ஏற்று நடத்தத் தொடங்கியது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. 2012 பிப்ரவரியில் அஸ்ட்ரோலேப் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எந்த நாளில் எந்த ஊரில் கடிகாரம் எப்படி மாறியது என்பது நடந்த செய்தி. நடந்த செய்திக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது.

ஜாதகம் என்ற பேச்சு வந்ததால் கொழும்புக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. 2000இல் கொழும்பில் பிறந்தவரின் ஜாதகத்தை ஐந்தரை என்று போட்டுக் கணித்தால் அரை மணி, அதாவது ஒன்றேகால் நாழிகை தவறிப்போகும். ஒரு லக்னம் சராசரி இரண்டு மணி நேரம். கால் லக்னம் நகர்ந்துவிடும். ‘ஏசியா/கொழும்பு’ என்று சரியாகக் கொடுத்தால் மென்பொருள் ஆறு மணி என்று எடுத்துக்கொள்ளும். ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவருக்கும், மருத்துவமனைப் பதிவேட்டையோ தொலைபேசிப் பதிவையோ ஒப்பிட வேண்டியவருக்கும் இதே கணக்குத்தான்.

அதே 2000இல் கிளிநொச்சியில் பிறந்தவர்? வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவே இல்லை. அங்கே கடிகாரங்கள் பத்தாண்டும் ஐந்தரையிலேயே ஓடின. கொழும்பின் ஒன்பது வரிகளில் இது இல்லை. ஆனால் அந்த வரிகளுக்கு மேலே, கம்பைலர் படிக்காமல் தாண்டிப்போகும் குறிப்புப் பகுதியில் இருக்கிறது. 2006 ஏப்ரலில் வெளிவந்த ராய்ட்டர்ஸ் செய்தியின் துணுக்கை எடுத்து வைத்திருக்கிறார்கள். அதன் கீழே அதே மாதம் எக்கர்ட் சேர்த்த குறிப்பு: தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதியில் வாழ்பவர்கள் ‘ஏசியா/கொல்கத்தா’வைப் பயன்படுத்தலாம், 1970இலிருந்து அந்தப் பகுதிகளின் நேரம் அதோடு ஒத்துப்போகிறது. விதியின்படி சரியான பதில்தான். ஆனால் கம்பைல் ஆகி ஃபோனுக்கு வரும் சில நூறு பைட்டில் இந்தக் குறிப்பு வராது. வெறும் எட்டு எண்கள்தான் வரும். கிளிநொச்சி என்று தட்டினால் வரைபடத்தைப் பார்த்து, இலங்கை, ஆகவே கொழும்பு என்று முடிவு செய்யும் மென்பொருள்தான் நம்மிடம் இருக்கிறது. தமிழில் ஜாதகச் செயலிகள் செய்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பிறந்த ஊர் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் இருந்து, தேதி 1996 மே 25க்கும் 2006 ஏப்ரல் 15க்கும் நடுவே விழுந்தால், இன்னொரு கேள்வியைச் சேர்த்துவிடுங்கள். இந்தப் பிறந்த நேரம் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதியது, பழைய நேரமா, புதிய நேரமா? வீட்டுப் பெரியவர்களுக்குப் பதில் தெரிந்திருக்கும்.